இந்தியாவில் புகையிலை வரியும் இளையோர் புகைப்பழக்கமும்

இந்தியாவில் சிகரெட், பீடி, மெல்லும் புகையிலை ஆகியவற்றின் மீது அரசு விதிக்கும் வரி, இளம்வயதினர் அவற்றைத் தொடாமல் தடுக்கும் அளவுக்கு இருக்கிறதா, இருக்க வேண்டுமா என்பது ஏறத்தாழ கால் நூற்றாண்டாக நடந்துவரும் விவாதம். சுகாதாரத் துறை, நிதித் துறை, சிகரெட் நிறுவனங்கள், பீடி முதலாளிகள், பீடித் தொழிலாளர் சங்கங்கள், நீதிமன்றங்கள் எல்லாம் இதில் பங்கெடுத்திருக்கின்றன. வரியை எவ்வளவு உயர்த்தலாம் என்ற கேள்வியைச் சுற்றியே பேச்சு நடந்தாலும், எந்தப் பொருளுக்கு உயர்த்துவது, எதை விட்டுவிடுவது என்பதில்தான் இதன் வரலாறு அடங்கியிருக்கிறது. சிகரெட்டுக்கு வரி ஏறிய ஆண்டுகளிலெல்லாம் பீடி மலிவாகவே இருந்தது. சிகரெட்டும் ஒவ்வொன்றாக உதிரியில் கிடைத்தது. பள்ளிப் பையன் கையில் இருக்கும் காசுக்கு எட்டிய பொருள்கள் இவைதாம்.

வருவாய்க்காக வந்த வரி

புகையிலையை வெறுத்து வரி போட்டவர்களில் முதன்மையானவர் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ். 1604இல் புகைப்பழக்கத்தைக் கண்டித்து நூல் எழுதிய அதே ஆண்டில், ராத்தலுக்கு 2 பென்ஸாக இருந்த இறக்குமதித் தீர்வையை 6 ஷில்லிங் 10 பென்ஸாக உயர்த்தினார். நாற்பது மடங்குக்கும் மேலான உயர்வு அது. போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவுக்குள் வந்த புகையிலையை 1617இல் ஜஹாங்கீர் தடைசெய்து பார்த்தார், தடை நிலைக்கவில்லை.

அதன் பிறகு ஆண்டவர்கள் புகையிலையைக் கருவூலத்தின் கண்கொண்டே பார்த்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலபார்ப் பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி புகையிலை வணிகத்தைத் தன் ஏகபோகமாக வைத்திருந்தது. திருவிதாங்கூர் சமஸ்தானமும் அப்படியே செய்தது. யாழ்ப்பாணப் புகையிலைக்கு அங்கே பெரிய சந்தை இருந்தது. திவான் மாதவராவ் காலத்தில், 1860களில், திருவிதாங்கூர் ஏகபோகம் முடிவுக்கு வந்தது. மக்கள் புகையிலையைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் இந்த ஏற்பாடுகள் எதிலும் இல்லை.

இன்றைய வரியின் வேர் 1943ஆம் ஆண்டின் புகையிலைக் கலால் சட்டம். உலகப்போர்ச் செலவுக்குப் பணம் தேடிய பிரிட்டிஷ் இந்திய அரசு கொண்டுவந்தது அது. அடுத்த ஆண்டே பொதுவான மத்திய கலால் சட்டத்துக்குள் சேர்க்கப்பட்டது. விடுதலைக்குப் பின், 1957இல், மாநிலங்கள் புகையிலை, சர்க்கரை, துணி மூன்றின் மீதும் விற்பனை வரி விதிப்பதை விட்டுக்கொடுத்தன. அதற்கு ஈடாக மத்திய அரசு கூடுதல் கலால் வசூலித்துப் பங்கு கொடுத்தது. இந்த ஏற்பாடு 2007 வரை நீடித்தது. மருத்துவமனைச் செலவைச் சுமக்கும் மாநில அரசுகளின் கையில் ஐம்பது ஆண்டுகள் புகையிலைக்கு எதிரான வரி என்ற கருவியே இல்லாமல் இருந்தது.

புகைப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் 1950இல் பிரிட்டனில் நிறுவினார்கள். 1964இல் அமெரிக்காவின் தலைமை அறுவை மருத்துவர் வெளியிட்ட அறிக்கை அதை உலகறியச் செய்தது. இந்தியாவில் இதன் முதல் எதிரொலி 1975ஆம் ஆண்டுச் சட்டம். பெட்டியில் ஒரு வரி எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்றது, சிகரெட்டுக்கு மட்டும். பீடிக்கட்டுக்கு அந்த ஒரு வரிகூடத் தேவைப்படவில்லை. பின்னால் வந்த கொள்கைகள் பலவற்றிலும் இந்தப் பாகுபாடு தொடர்ந்தது.

விலையும் வயதும்

வரியை உடல்நலக் கருவியாகப் பார்க்கும் எண்ணத்துக்குப் பொருளியல் அடிப்படை 1980களில் கிடைத்தது. மைக்கேல் கிராஸ்மனும் உடன் ஆய்வாளர்களும் 1981இல் வெளியிட்ட ஆய்வு, விலை ஏறும்போது பெரியவர்களைவிடப் பதின்வயதினர் மிக அதிகமாகக் குறைத்துக்கொள்கிறார்கள் என்று காட்டியது. காரணம் எளியது. சிறுவனின் கையிருப்பு குறைவு. பழக்கம் இன்னும் இறுகவில்லை. கூட்டாளி வாங்கித் தருவதும் விலையைப் பொறுத்தே நடக்கிறது. உலக வங்கி 1999இல் வெளியிட்ட அறிக்கை, விலை 10% உயர்ந்தால் பணக்கார நாடுகளில் நுகர்வு சுமார் 4 சதவீதமும் ஏழை, நடுத்தர நாடுகளில் சுமார் 8 சதவீதமும் குறையும் என்று மதிப்பிட்டது.

இதற்கு மறுப்பும் கல்வித்துறைக்குள்ளிருந்தே வந்தது. டிசிக்கா, கென்கல், மத்தியாஸ் மூவரும் அமெரிக்காவில் ஒரே மாணவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த தரவுகளைக் கொண்டு 2002இல் எழுதிய கட்டுரையில், வரி உயர்வு ஒருவர் புகைக்கத் தொடங்குவதைத் தடுக்கிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை என்றார்கள். புகைப்பதை ஏற்காத மாநிலங்களே வரியையும் உயர்த்துகின்றன, எனவே அங்கே இளையோர் குறைவாகப் புகைப்பதற்கு வரி மட்டும் காரணம் ஆகாது என்பது அவர்கள் வாதம். கவனிக்கத்தக்க வாதம்தான். ஆனால் முதல் சிகரெட்டுக்கும் தினசரிப் பழக்கத்துக்கும் இடையே சில மாதங்களோ ஆண்டுகளோ இருக்கின்றன. முதலாவதைக் கூட்டாளி இலவசமாகக் கொடுக்கலாம். பத்தாவதைத் தானே வாங்கியாக வேண்டும். விலை குறுக்கே நிற்பது அந்த இடைவெளியில். பிற்பாடு பல நாடுகளில் நடந்த ஆய்வுகளின் பொதுவான போக்கும் விலைக்கு இளையோர் அசைகிறார்கள் என்பதையே காட்டுகிறது. 2003இல் ஏற்கப்பட்ட உலக சுகாதார அமைப்பின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் ஆறாவது பிரிவு, விலையும் வரியும் குறிப்பாக இளையோரின் நுகர்வைக் குறைக்கும் வழிகள் என்று பதிவு செய்தது. இந்தியா 2004 பிப்ரவரியில் அதை ஏற்றது. சில்லறை விலையில் 75% வரியாக இருக்க வேண்டும் என்பது அந்த அமைப்பின் பரிந்துரை.

இந்தியாவில் தொடங்கும் வயது பற்றிய தகவல் கலங்கவைப்பது. 13 முதல் 15 வயது வரையான பள்ளி மாணவர்களிடம் 2019இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில் 8.5% பேர் ஏதோ ஒரு வகைப் புகையிலையைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். சிகரெட் பிடித்தவர்களில் 38 சதவீதமும், பீடி பிடித்தவர்களில் 47 சதவீதமும், மெல்லும் புகையிலையைப் பயன்படுத்தியவர்களில் 52 சதவீதமும் பத்து வயது நிறைவதற்கு முன்பே தொடங்கியிருந்தார்கள். பொருள் மலிவாக மலிவாகத் தொடங்கும் வயதும் இறங்குகிறது. வீட்டில் கிடப்பதும், கடைக்குப் போய் வாங்கிவரச் சொல்வதும் இதில் சேர்ந்திருக்கும். ஆனாலும் இந்த வரிசை விலையின் வரிசையோடு ஒத்துப்போவதைத் தள்ளிவிட முடியாது.

நீளத்துக்கு ஏற்ற வரி

1987 வரை சிகரெட் கலால் விலையின் அடிப்படையில் இருந்தது. அந்த ஆண்டு முதல் சிகரெட்டின் நீளத்தைப் பொறுத்து ஆயிரத்துக்கு இத்தனை ரூபாய் என்று மாற்றப்பட்டது. வசூலிக்க எளிது, விலையைக் குறைத்துக் காட்டி ஏய்க்க முடியாது என்பன இதன் நன்மைகள். ஆனால் நீளத்துக்கு ஏற்ப அடுக்கடுக்காக வரி வைத்ததும், அடுக்கின் ஓரத்தில் ஒதுங்கும் குட்டைச் சிகரெட்டுகள் பிறந்தன.

2008 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் இதில் ஒரு ஓட்டையை அடைத்தார். 60 மில்லிமீட்டருக்கு உட்பட்ட, பஞ்சு இல்லாத சிகரெட்டுக்கு ஆயிரத்துக்கு 168 ரூபாயாக இருந்த கலால் 819 ரூபாயானது. மிக மலிவான சிகரெட் வகை சந்தையிலிருந்து ஏறக்குறைய மறைந்தது. இந்திய வரி வரலாற்றில், ஒரே அறிவிப்பில் ஏழைச் சிறுவனுக்கு எட்டும் பொருளை எட்டாததாக்கிய நடவடிக்கை இதுவே என்று சொல்லலாம். ஆனால் அடைத்த ஓட்டை விரைவில் வேறிடத்தில் திறந்தது. 2010இல் பஞ்சு வைத்த குட்டைச் சிகரெட்டுக்குக் குறைந்த வரியில் தனி அடுக்கு ஒன்று உருவாக்கப்பட்டது. 2012இல் அதன் எல்லை 65 மில்லிமீட்டராக நீட்டப்பட்டது. நிறுவனங்கள் 64 மில்லிமீட்டர் சிகரெட்டுகளை இறக்கின. 2014 பட்ஜெட்டில் அருண் ஜேட்லி கலாலை 11 முதல் 72% வரை உயர்த்தியபோது, அந்த 72% விழுந்தது 65 மில்லிமீட்டருக்கு உட்பட்ட இந்த வகையின் மீதுதான்.

இத்தனை அடுக்குகள் தேவையே இல்லை என்று காட்டிய நாடு பிலிப்பீன்ஸ். 2012இல் இயற்றிய சட்டத்தின் மூலம் சிகரெட்டுக்கான வரி அடுக்குகளைப் படிப்படியாக ஒன்றாக்கி, வருவாயின் பெரும்பகுதியை ஏழைகளின் மருத்துவத்துக்கு ஒதுக்கியது. இந்தியாவில் அடுக்குகள் இன்றும் இருக்கின்றன.

பீடி என்ற விதிவிலக்கு

இந்தியாவில் சிகரெட்டைவிடப் பீடி பிடிப்பவர்கள் அதிகம். 2016-17 தேசியக் கணக்கெடுப்பின்படி வயதுவந்தோரில் 4% பேர் சிகரெட்டும் 7.7% பேர் பீடியும் பிடித்தார்கள். ஆனால் ஜி.எஸ்.டி.க்கு முந்தைய காலத்தில் ஆயிரம் பீடிக்கான கலால் சில பத்து ரூபாய்களைத் தாண்டியதில்லை. ஒரு பீடிக்குச் சில காசுகள். ஆண்டுக்கு 20 லட்சம் பீடிக்குள் உற்பத்தி காட்டிய சிறு உற்பத்தியாளருக்கு அதுவும் கிடையாது. உற்பத்தியைப் பல பெயர்களில் பிரித்துக் காட்ட இந்தச் சலுகை வசதியாக இருந்தது.

இந்த விலக்குக்குச் சொல்லப்பட்ட காரணம் தொழிலாளர் நலன். அது பொய்யான காரணமல்ல. பதிவு செய்யப்பட்ட பீடித் தொழிலாளர்கள் ஏறத்தாழ 50 லட்சம் பேர், பெரும்பாலோர் பெண்கள். தமிழ்நாட்டில் மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம், கடையநல்லூர் பக்கமும், வேலூர் வட்டாரத்தில் குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கமும் வீட்டுத் திண்ணைதான் தொழிற்கூடம். பீடி இலையைத் தண்ணீர் தெளித்துப் பதமாக்கி, தகரத் தகட்டை அதன்மேல் வைத்துக் கத்தரியால் அளவாக வெட்டுவார்கள். மடியில் வைத்த தட்டிலிருந்து புகையிலைத் தூளை எடுத்து இலையில் பரப்பி, இரு கைவிரல்களால் உருட்டி, வாயை மடக்கி, நூலால் கட்டுவார்கள். ஆயிரத்துக்குக் கூலி என்ற கணக்கில் நாள் முழுவதும் குனிந்த தலை நிமிராது. சுற்றிய பீடியைக் கொண்டுபோய்க் கொடுத்தால், சரியில்லை என்று ஒரு பங்கைக் கழித்துவிட்டுக் கூலி போடுவார்கள். இலையும் தூளும் குறைவாகக் கொடுத்து எண்ணிக்கையை மட்டும் முழுதாகக் கேட்பதும் உண்டு. பற்றாக்குறைக்குத் தொழிலாளியே காசு போட வேண்டும்.

1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டமும், 1976இல் கொண்டுவந்த நலநிதி மேல்வரியும் இவர்களுக்காக வந்தவை. மேல்வரிப் பணத்தில் மருந்தகமும் வீட்டு உதவியும் கிடைத்தன. பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகையும் கிடைத்தது. அம்மா சுற்றிய பீடி விற்றால்தான் மகளுக்கு உதவித்தொகை என்ற ஏற்பாடு அது. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்த மேல்வரியே நீக்கப்பட்டது.

விவாதத்தின் மிகக் கடினமான முடிச்சு இங்கேதான் விழுகிறது. பீடிக்கு வரியைக் கூட்டினால் சுற்றுகிறவர் கூலி போகும் என்கிறது ஒரு தரப்பு. ஆனால் வரி குறைவாக இருந்ததால் அவர் கூலி உயர்ந்துவிடவில்லை என்பதே உண்மை. கூலியைத் தீர்மானித்தது வரி அன்று. வீட்டை விட்டு வெளியேற முடியாத பெண்ணுக்கு வேறு வேலை இல்லாததுதான் தீர்மானித்தது. தூளை நாளெல்லாம் சுவாசித்து இருமுகிறவரும் அவர்தான். அவர் பெயரைச் சொல்லிக் காத்த மலிவு விலையின் பயன் பீடி நிறுவனங்களுக்கும், கெடுதல் அதை வாங்கிய இளைஞர்களுக்கும் போய்ச் சேர்ந்தன. மாற்றுத் தொழிலுக்குப் பணம் ஒதுக்காமல் வரியை மட்டும் கூட்டுவது அந்தப் பெண்களுக்கு அநீதி. அவர்களைக் காட்டி வரியே வேண்டாம் என்பது அவர்கள் பிள்ளைகளுக்கு அநீதி.

முதலாளிகளின் குரல் நாடாளுமன்றத்திலும் ஒலித்தது. பெட்டியின் 85% பரப்பில் எச்சரிக்கைப் படம் வேண்டும் என்று 2014இல் அறிவிப்பு வந்தபின், 2015 மார்ச்சில் திலீப் காந்தி தலைமையிலான நாடாளுமன்றக் குழு அதைத் தள்ளிப்போடப் பரிந்துரைத்தது. புகையிலை புற்றுநோய் தரும் என்பதற்கு இந்திய ஆய்வு இல்லை என்று அவர் சொன்னது நாடெங்கும் கண்டனத்துக்கு உள்ளானது. குழு உறுப்பினர்களில் பீடித் தொழிலதிபர் ஒருவரும் இருந்தார். வாய்ப் புற்றுநோயாளிகளால் நிரம்பிய மருத்துவமனைகள் உள்ள நாட்டில் அப்படிச் சொல்ல முடிந்தது. எச்சரிக்கை 2016 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது.

பெட்டிக்கடை

2003ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் விளம்பரத்தைத் தடுத்தது. 18 வயதுக்குக் குறைந்தோருக்கும், கல்வி நிலையங்களிலிருந்து 100 கஜத்துக்குள்ளும் விற்பனையைத் தடுத்தது. முரளி தேவ்ராவின் மனு மீது 2001இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த, பொது இடங்களில் புகைக்கத் தடை விதித்த உத்தரவு இதற்கு முன்னோடி. அன்புமணி ராமதாஸ் சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத் தடை விரிவாக நடைமுறைக்கு வந்தது. திரையில் நடிகர் புகைப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் தொடங்குகிறார்கள் என்ற கவலையில் புகைக்கும் காட்சிகளைத் தடைசெய்து அவர் கொண்டுவந்த திரைப்பட விதியை 2009இல் தில்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அக்காட்சிகளின்போது திரையின் அடியில் எச்சரிக்கை வாசகம் ஓடும் முறை பின்னர் வந்தது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், குழந்தைக்குப் புகையிலை கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை சிறை என்கிறது.

இவற்றையெல்லாம் பெட்டிக்கடையின் முன் நின்று பார்க்க வேண்டும். கூரையிலிருந்து தொங்கும் கயிற்றின் நுனியில் கங்கு கனிந்துகொண்டிருக்கிறது. தீப்பெட்டிகூட வாங்கத் தேவையில்லை. மிட்டாய்ப் பாட்டிலுக்கு அருகிலேயே பிரித்த பெட்டி. பையன் கேட்பது ஒரே ஒரு சிகரெட். கடைக்காரர் உருவிக் கொடுக்கிறார். புற்று அரித்த வாயின் படம் போட்ட பெட்டி கடைக்காரரிடமே இருந்துவிடுகிறது; 85% எச்சரிக்கை வாங்குபவர் கைக்கு வருவதில்லை. பத்து சிகரெட் உள்ள பெட்டிக்கு 20 ரூபாய் வரி ஏறினால் பெட்டியாக வாங்குபவர் யோசிப்பார். ஒற்றைச் சிகரெட்டில் அது இரண்டு ரூபாயாகக் கரைந்துவிடுகிறது. உதிரி விற்பனை நிற்காதவரை வரியின் அடி பாதி வேகத்தில்தான் விழும். மகாராஷ்டிரம் 2020இல் உதிரி விற்பனையைத் தடைசெய்தது. கர்நாடகத்தில் வயது வரம்பை 21 ஆக்கிய திருத்தச் சட்டம் 2025இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் 2006ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே வயது வரம்பு 21.

மெல்லும் புகையிலையில் தமிழ்நாடு வரியைவிடத் தடையை நம்பியது. உணவுப் பாதுகாப்பு விதிகளின் கீழ் 2013 மே மாதம் குட்கா, பான் மசாலாவுக்குத் தடை வந்தது. வெளிமாநிலச் சரக்கு தொடர்ந்து வந்தது. அதை விற்கவிட லஞ்சம் கைமாறியதாக எழுந்த வழக்கை 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. உதட்டுக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கிவைக்கும் 'கூல் லிப்' பொட்டலம் பள்ளிக் கழிப்பறை வரை போய்விட்டது என்ற கவலையை 2024இல் அதே நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வெளிப்படுத்தியது. வாசனையும் புகையும் வெளியே தெரியாத பொருளை ஆசிரியர் எப்படிக் கண்டுபிடிப்பார்? தடை போட்ட பொருளுக்கு வரியும் கிடையாது, விலைக் கட்டுப்பாடும் கிடையாது. அதன் விலையைக் கள்ளச்சந்தை வைக்கிறது.

ஜி.எஸ்.டி. காலம்

2017 ஜூலை 1 முதல் சிகரெட்டுக்கு 28% வரியும் மாநிலங்களுக்கான இழப்பீட்டு மேல்வரியும் வந்தன. பீடிக்கு 28% மட்டும், மேல்வரி இல்லை. சில்லறை விலையில் வரியின் பங்கு சிகரெட்டில் சுமார் 53 சதவீதமாகவும் பீடியில் சுமார் 22 சதவீதமாகவும் நின்றது. அடுத்த பல ஆண்டுகளில் 2020, 2023 பட்ஜெட்டுகளில் சிகரெட் மீதான தேசியப் பேரிடர்த் தீர்வையை உயர்த்தியது தவிரப் பெரிய மாற்றம் இல்லை. மக்களின் வருமானம் ஏற, வரி நின்ற இடத்திலேயே நிற்க, சிகரெட் ஆண்டுதோறும் எளிதில் வாங்கக்கூடிய பொருளானது.

வரியைக் கூட்டினால் கடத்தல் பெருகும், சந்தையில் கால் பங்கு ஏற்கெனவே கள்ளச் சரக்கு என்பது சிகரெட் நிறுவனங்களின் வாதம். பொருளியலாளர் ரிஜோ ஜானும் ஹானா ராஸும் இந்திய நகரங்களின் கடைகளில் நடத்திய ஆய்வு, அந்தப் பங்கு 3 சதவீதத்துக்கும் குறைவு என்று கண்டது. கடத்தல் எல்லைக் காவலின் குறை. அதை வரிக்கு எதிரான வாதமாக்குவது பொருந்தாது. 2017-18இல் புகையிலை நோய்களாலும் மரணங்களாலும் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு 1,77,341 கோடி ரூபாய் என்று மதிப்பிடப்பட்டது. புகையிலைக் கலால் வருவாய் அதில் எட்டில் ஒரு பங்கு அளவே. வருவாய் போய்விடும் என்ற அச்சத்துக்கு இந்தக் கணக்கே விடை.

2025 செப்டம்பர் 3 அன்று கூடிய ஜி.எஸ்.டி. மன்றம் புகையிலைப் பொருள்களை 40% அடுக்குக்கு மாற்ற முடிவு செய்தது. அதே கூட்டம் பீடியை 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதத்துக்கும், பீடி இலையை 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கும் இறக்கியது. இழப்பீட்டு மேல்வரி முடிவுக்கு வருவதை ஒட்டி, டிசம்பரில் நாடாளுமன்றம் கலால் சட்டத்தைத் திருத்தியது. அதன்படி 2026 பிப்ரவரி 1 முதல் சிகரெட்டுக்கு 40% ஜி.எஸ்.டி.யோடு, நீளத்துக்கு ஏற்ப ஆயிரத்துக்கு 2,050 முதல் 8,500 ரூபாய் வரை கலாலும் விதிக்கப்பட்டது. பல ஆண்டுகளுக்குப் பின் சிகரெட்டுக்கு விழுந்த உண்மையான அடி இது. சிகரெட்டுக்கும் பீடிக்கும் இடையிலான விலைப் பள்ளம் இதனால் இன்னும் அகன்றுவிட்டது. சிகரெட்டை எட்ட முடியாத இளைஞர் விட்டுவிடுவாரா, பீடிக்கு இறங்குவாரா என்பதை அடுத்த கணக்கெடுப்புகள் காட்டும். வயது வரம்பை 21 ஆக்கி, நாடு முழுவதும் உதிரி விற்பனையை நிறுத்த 2020இல் சுகாதார அமைச்சகம் முன்வைத்த வரைவு நாடாளுமன்றத்துக்கு வரவில்லை. சிறுவருக்கு விற்கும் கடைக்காரருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த அபராதத்தின் உச்சம் 200 ரூபாய்.